கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி மூச்சை அளக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நுரையீரல் கேன்சருக்கு ரேடியேஷன் குடுக்கறத (நாம கரண்ட் வைக்கிறதுன்னு சொல்றது) பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். நல்லாதான் இருந்துச்சு, ஆனா முழுக்க முழுக்க மெஷின் பெருமையாவே போயிடுச்சு. எங்க அப்பாவுக்கு 6 வாரம் கரண்ட் வெச்சப்போ தினமும் கூட போனவ நான், அதனால சொல்றேன், நல்ல நுரையீரலை காப்பாத்துற வேலையில பெரும்பங்கு, கரண்ட் எங்க எப்படி வைக்கணும்னு திட்டம் போட பிளானிங் ஸ்கேன் எடுக்குற அன்னிக்கே நடந்துடுது.

ஏன்னா நாம மூச்சு விட விட கட்டியும் கூடவே ஏறி இறங்குது. நுரையீரலோட கீழ்ப்பக்கம் இருக்குற கட்டின்னா 1 சென்டிமீட்டருக்கு மேலயே கூட நகரும். அது எதுவரைக்கும் போகுதுன்னு தெரியலன்னா சுத்தி தாராளமா இடம் விட்டுத்தான் கரண்ட் வைக்கணும், அப்படி விடுற இடம் பூரா ஒரு வியாதியும் இல்லாத நல்ல நுரையீரல். 4டி சிடின்னு ஒண்ணு எடுக்கறாங்க, மூச்சோட ஒவ்வொரு கட்டத்துலயும் கட்டி எங்க நிக்குதுன்னு அதுல தெரிஞ்சிடும், அப்புறம் அந்த அளவுக்கு மட்டும் இடம் விட்டா போதும். சிலர மூச்ச நல்லா இழுத்து புடிச்சிக்க சொல்லி அந்த நேரம் மட்டும் கரண்ட் குடுப்பாங்க. எங்க அப்பாவால 10 செகண்டுக்கு மேல புடிக்க முடியல, பயத்துல இன்னும் வேகமா இழுத்தாரு. அங்க இருந்த டெக்னீஷியன் தம்பி கொஞ்சம் கூட அலுத்துக்காம பக்கத்துலயே நின்னு சீரா மூச்சு விட பழக்கினாரு, அதுக்கே முக்கால் மணி நேரம் ஆச்சு. அந்த முக்கால் மணி நேரத்துக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கேன்.

டாக்டர்கிட்ட வி20 எவ்வளவு வருதுன்னு கேளுங்க, தப்பே இல்ல. நுரையீரல்ல எத்தன சதவீதத்துக்கு 20 கிரே (கிரேன்னா ரேடியேஷன் டோஸ அளக்குற அலகு) அல்லது அதுக்கு மேல விழுதுங்கற கணக்குதான் அது, பொதுவா 30, 35க்குள்ள நிறுத்தப் பாப்பாங்க. இதயத்துக்கு எவ்வளவு போகுதுன்னும் கேக்கணும். கட்டுரையில புது மெஷின்ல டோஸ ஏத்தி குடுக்கலாம்னு எழுதியிருந்தீங்க, ஆனா ஆர்டிஓஜி 0617ங்கற ஆய்வுல 60 கிரே வாங்கினவங்கதான் 74 கிரே வாங்கினவங்கள விட அதிக நாள் இருந்தாங்க (அவங்கள்ல பாதிப் பேர் 28.7 மாசத்துக்கு மேல, மத்தவங்கள்ல பாதிப் பேர் 20.3 மாசத்துக்கு மேல), இதயத்துல விழுந்த டோஸுக்கும் அதுல பங்கு இருந்துச்சுன்னு 2015ல வெளியிட்டாங்க. மெஷினே வேணாம்னு நான் சொல்ல வரல, அதே ஆய்வுல கட்டியோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி கதிரோட அளவ கூட்டி குறைச்சு குடுக்குற ஐஎம்ஆர்டி முறையில வாங்கினவங்களுக்கு கடுமையான நுரையீரல் அழற்சி 3.5 சதவீதம்தான், பழைய முறையில 7.9.

இன்னொண்ணு, கட்டுரையில ஒரு வரி கூட இல்லாதது. கரண்ட் முடிஞ்சு ரெண்டரை மாசம் கழிச்சு அப்பாவுக்கு வறட்டு இருமல் வந்துச்சு, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குச்சு. பக்கத்துல இருந்த கிளினிக்ல சளின்னு சொல்லி ரெண்டு தடவ ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, மூணு வாரம் அப்படியே போச்சு, நாங்களும் கரண்ட்தான் எப்பவோ முடிஞ்சிடுச்சேன்னு அத சொல்லவே இல்ல. கடைசியா ரேடியேஷன் டாக்டர்கிட்ட போய் சிடி எடுத்தப்போ கரண்ட் பட்ட இடத்துலயே வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. ஸ்டீராய்டு ஆரம்பிச்சு வாரக்கணக்குல மெதுவா குறைச்சாங்க, திடீர்னு நிறுத்தினா திரும்ப வரலாம்னு கண்டிப்பா சொன்னாங்க. கரண்ட் முடிஞ்சு 1 மாசத்துலருந்து 6 மாசத்துக்குள்ள இந்த நுரையீரல் அழற்சி வரலாம்னு அப்பதான் எங்களுக்கே தெரிஞ்சது.

அடுத்த தடவ இத பத்தி எழுதறப்போ தயவுசெஞ்சு தனி கட்டம் கட்டி போடுங்க, கரண்ட் முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள இருமலோ மூச்சிரைப்போ வந்தா எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல் வார்த்தையா நெஞ்சுல கரண்ட் வெச்சிருக்கோம்னு சொல்லுங்கன்னு.

இப்படிக்கு,
ஒரு வாசகி