வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: புரொப்பெல்லர் விலையும், வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் படமும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

படகைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான புரொப்பெல்லரை வார்த்தும், மோட்டாரைச் சரிசெய்தும் தரும் நம் பட்டறையைக் குளச்சலிலிருந்து சின்னமுட்டம் வரைக்கும் அறிந்தவர்களுக்குப் புதிதாக அறிமுகம் தேவையில்லை. படகின் பின்பக்கம் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வருவீர்கள், நான் "வச்சிட்டுப் போங்க" என்பேன், அப்புறம் நீங்கள் தினமும் போன் போடுவீர்கள். இத்தனை வருடமும் இப்படித்தான் ஓடியது. இப்போது உட்கார்ந்து எழுதவேண்டி வந்ததற்குக் காரணம், விலையை ஏற்றியிருக்கிறோம் என்பது ஒன்று. போன மாதத்திலிருந்து நம் கடற்கரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும், நாங்கள் வார்த்துக் கொடுத்த ஓர் உடைந்த புரொப்பெல்லரின் படமும், அதோடு வரும் குரல்பதிவும் இன்னொன்று.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது அங்குலம் வரையுள்ள மூன்று இறக்கை புரொப்பெல்லர் 2,400 ரூபாயாக இருந்தது, இனி 3,100. மோட்டாரை முழுதாகப் பிரித்துச் சரிசெய்யும் கூலி 3,500லிருந்து 4,500. சாமான் விலை தனி. ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான், அதில் மாற்றமில்லை. அலுமினியப் பாளம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது. பாளத்தின் விலையும் ஏறியது, லாரிக் கூலியும் ஏறியது. உலைக்கரியும், உலோகத்தை உருக்கும் மூசையும் ஏறாமல் இருக்குமா? இதை உங்களுக்கு விளக்கவே வேண்டாம். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் என்ன விலைக்கு வாங்கிக் கடலுக்குப் போகிறீர்கள் என்பது எனக்கும் தெரியும்.

சரி, அந்தப் படத்துக்கு வருகிறேன். குரல்பதிவில் பேசுகிறவர், நாங்கள் ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடையில்) பழைய இஞ்சின் பிஸ்டனும் குளிர்பான டப்பாவும் எடைக்கு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் உருக்கி ஊற்றித் தருவதாகச் சொல்கிறார். வீட்டுக்குப் பின்னால் உருக்குகிறோம் என்பது உண்மை. அதை நாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. உங்களில் பாதிப்பேர் அந்த உலைக்குப் பக்கத்தில் நின்று தேநீர் குடித்தவர்கள். பிஸ்டனும் டப்பாவும் என்பதுதான் பொய்.

ஏன் பொய் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டப்பாத் தகடு மெல்லியது, மேலே வேறு பூச்சு. உலையில் போட்டால் நிறையக் கசடாகத்தான் மிதக்கும். மிஞ்சுகிற உலோகமும் அச்சின் மெல்லிய ஓரம் வரை ஓடிப் பாயாது. ஆக, டப்பாவை உருக்குவது காசு மிச்சமே இல்லை, கரிதான் நஷ்டம். பிஸ்டன் நன்றாகவே ஓடும், அதைச் சொல்லவேண்டும். ஆனால் சூடு தாங்குவதற்காகப் பிஸ்டன் உலோகத்தில் செம்பு சேர்த்திருப்பார்கள். செம்பு கலந்த அலுமினியத்தை உப்புத்தண்ணீர் சீக்கிரம் அரித்துவிடும். நாங்கள் ஊற்றுவது எல்.எம். 6 என்ற தர வார்ப்பு அலுமினியம். அதில் 10 முதல் 13 சதவீதம் சிலிக்கான், செம்பு 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கடலில் நிற்கிற உலோகம் அது. பாளத்தின் மேலேயே தரம் முத்திரை குத்தியிருக்கும், வந்து பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. எல்.எம். 6 அடிபட்டால் முதலில் வளையும். பிஸ்டன் உலோகம் வளையாமல் மடாரென்று ஒடியும். இப்போது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓர் இறக்கை அடியோடு போயிருக்கிறது. மற்ற இரண்டும்? நுனி மடங்கி வளைந்து நிற்கின்றன. பாறையிலோ கல்லிலோ வேகமாக மோதாமல் அப்படி வளையாது. நடுவில் தண்டின் துளையையும் பாருங்கள். அங்கே இருக்கவேண்டியது பித்தளைப் பின். இருப்பது வெட்டிச் செருகிய எஃகு ஆணி.

பழைய ஜான்சன், ஈவின்ரூட் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும், யமஹா, சுசுகிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் மோட்டாரில் புரொப்பெல்லரின் நடுவே ரப்பர் புஷ் இருக்கிறது, அடிபட்டால் அது வழுக்கிக்கொடுக்கும். அந்தக் காலத்து ஜான்சனில் தண்டுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பின்தான் புரொப்பெல்லரைப் பிடித்திருக்கும். கல்லில் தட்டினால் அந்தப் பின் அறுந்து கியரையும் இறக்கையையும் காப்பாற்றவேண்டும். அறுவதற்காகவே வைத்த பின் அது. "அடிக்கடி அறுந்துபோகுது" என்று யாரோ எஃகு ஆணியைச் செருகிக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் அடி முழுக்க எங்கே போகும்? இறக்கைக்கும் கியர் பல்லுக்கும்தான். அந்த மோட்டாரின் கியர் பல்லும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், குரல்பதிவில் அதைச் சொல்லவில்லை. யார் செருகினார்கள் என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். அந்த வாடிக்கையாளரிடம் நேரில் பேசியாயிற்று, அவரிடம் கோபமும் இல்லை. உப்புத்தண்ணீரில் நின்று தொழில் செய்கிறவர், நடுக்கடலில் மோட்டார் நின்றால் யாருக்கும் ஆத்திரம் வரும். ஆனால் குழுவுக்குக் குழு அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் ஒருதடவை பட்டறைக்கு வந்து பாளத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கலாம்.

"பழைய புரொப்பெல்லரை மண்ணில் அழுத்தி எடுத்து ஊற்றுவதுதானே, இதற்கு மூவாயிரமா" என்றும் அதே பதிவில் ஒரு கேள்வி. அப்படி அழுத்தி ஊற்றினால் என்ன ஆகும் தெரியுமா? அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு சுருங்கும். ஒன்பது அங்குலப் புரொப்பெல்லர் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் சிறிதாக வந்து நிற்கும். மாதிரிக்குக் கொண்டுவருவதே மணலில் உரசித் தேய்ந்த புரொப்பெல்லர். தேய்மானமும் சுருக்கமும் சேர்ந்தால் மோட்டார் வெறுமனே கத்தும், வள்ளம் நகராது. அதனால் தேய்ந்த ஓரத்தைப் பூசி வளர்த்து, சுருக்கத்துக்கும் சேர்த்துப் பெரிதாக்கி, மண்ணில் அழுத்தி அச்செடுக்க ஒவ்வோர் அளவுக்கும் மரத்தில் தனி மாதிரி செய்து வைத்திருக்கிறோம். இறக்கையின் சாய்வு மூன்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று அளந்து, வார்த்தபின் ராவி, கத்திமுனையில் நிறுத்தி எடை சமமாகும் வரை தேய்க்கவேண்டும். உலை வேலை ஒரு மணி நேரம் என்றால் ராவுகிற வேலை ஒரு நாள்.

வெண்கலத்தில் ஊற்றித் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறீர்கள். உள் இஞ்சின் வைத்த படகுக்கு அது சரி. அவுட்போர்டின் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கீழ்ப்பகுதி, அலுமினியம். உப்புத்தண்ணீரில் வெண்கலமும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். புரொப்பெல்லர் பளபளவென்று இருக்கும், கால் பொக்கையாகும். (காலுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகக் காலில் வைத்திருக்கும் துத்தநாகக் கட்டிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அடித்துக்கொண்டுதான் வருகிறீர்கள். பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது.)

அடுத்தது, தாமதம். மண் அச்சு போட்டுக்கொண்டிருந்த தம்பி ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். நல்ல சம்பளம், நல்ல வேலை, போகாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? மணலில் ஈரம் போதுமா என்று கையில் பிடித்து ஒடித்துப் பார்த்தே சொல்லிவிடுவான். அந்தக் கைக்கு இப்போதைக்கு மாற்று ஆள் இல்லை. அச்சு போடுவதும் நான், ஊற்றுவதும் நான். ஒரு வாரத்தில் கொடுத்ததை இனி மூன்று நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் ஊற்றவே மாட்டோம். உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், ஆறும்போது அது உள்ளுக்குள் ஊசித்துளைகளாக நின்றுவிடும். அச்சில் தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் மோசம், வெடித்து முகத்தில் அடிக்கும். நம் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, என்ன செய்ய? மேற்குப் பக்கம் ஜூன், ஜூலை தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும்போது வள்ளக்காரர்களுக்குத்தான் வேலை, அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரொப்பெல்லர் வேண்டும். ஆகவே உடைந்தபிறகு வராமல் தேயும்போதே சொல்லிவையுங்கள்.

மோட்டார் வேலை வழக்கம்போல நடக்கிறது. பழைய ஜான்சன், ஈவின்ரூட்டில் பெரும்பாலும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ காயில் வெடித்திருக்கும், அந்த மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் கரியேறியிருக்கும். பாயின்ட் இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு வைத்துப் புதுக் காயில் போட்டால் அறுபது வருட மோட்டாரும் இரண்டாவது இழுப்பில் பேசும். கியர் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதோடு ஓட்டாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள். 2020ல் ஈவின்ரூட் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். சாமான் நாளுக்கு நாள் அரிதாகிறது, கிடைத்தால் கப்பலில் வரவேண்டும். பிரிட்டிஷ் சீகல் மோட்டார் வைத்திருக்கும் இரண்டொருவருக்கும் ஒரு வார்த்தை: அதில் பின் கிடையாது, தண்டையும் புரொப்பெல்லரையும் சுருள்கம்பிதான் பிணைக்கும். அந்தக் கம்பி நம்மிடம் இருப்பு இருக்கிறது.

இந்த ஒரு மாதமும் பலபேர் கேட்காமலே துணை நின்றீர்கள். முட்டத்திலிருந்து ஒரு பெரியவர், பல வருடமாக ஓடும் நம் புரொப்பெல்லரைக் கழற்றிப் படம் பிடித்து அதே குழுவில் போட்டார். புதுச்சேரியிலிருந்து ஒருவர், தாத்தா காலத்து மோட்டாரை இன்னும் நம்மிடமே அனுப்புவேன் என்று போனில் சொன்னார். வியாபாரம் குறையுமோ என்று பயந்திருந்த நேரத்தில் நீங்கள் பேசிய பேச்சு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெம்பு கொடுத்தது. மனதார நன்றி.

இனி வாங்கும் ஒவ்வொரு பின் வகைப் புரொப்பெல்லரோடும் மூன்று பித்தளைப் பின் சேர்த்துத் தருவோம், ஏற்கெனவே வாங்கியவர்களும் வந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உத்தரவாதம் ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று மாதம் என்று ரசீதில் அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்தாலும் தேய்ந்தாலும் பழைய புரொப்பெல்லரை ஆக்கர் கடையில் போட்டுவிடாதீர்கள். கம்பெனி புரொப்பெல்லர் ஒரு துண்டாக இருந்தாலும் மரத்தில் மாதிரி செய்ய உதவும், கொண்டுவருபவர்களுக்கு விலையில் குறைத்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்கு மேல் பட்டறை திறந்திருக்கும். உலை பற்றவைத்த நேரத்தில் மட்டும் போன் எடுக்க முடியாது, குரல்பதிவு போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக்காரன்