மணி கடித்தது குறித்து அப்பாவுக்கு

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து நிம்மதி அடைந்தேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மாலையில் நடக்கப் போனபோது நம் நாய் மணி உங்கள் கையிலிருந்து சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடி, எதிர்வீட்டு வாத்தியாரின் பொமரேனியனைக் கழுத்தில் கவ்விவிட்டதையும், அன்று முதல் வாத்தியார் உங்களோடு பேசாமல் இருப்பதையும் எழுதியிருந்தீர்கள். நாயும் நாயும் அடித்துக்கொண்டால் அதற்கு மனிதன் எப்படிப் பொறுப்பாவான் என்றும், நாய் வளர்ப்பதில் பேர்போன இந்த ஊரில் இதற்கெல்லாம் என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் பேசினால் பாதிதான் சொல்ல வரும் என்பதால் எழுதுகிறேன். இதில் சில வரிகள் உங்களுக்கு வருத்தம் தரலாம். ஆனாலும், மணியைக் குட்டியாக நீங்கள் ராஜபாளையத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்ததைப் பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் பகுதிக்கு வடக்கே வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்ற பரந்த புல்வெளி இருக்கிறது. அது எப்பிங் காட்டின் தென்கோடி. 1878ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் பொதுமக்களுக்கென்று காக்கப்பட்ட நிலம். காலை வேளையில் அங்கே மனிதர்களுக்குச் சமமாக நாய்களும் நடமாடும். தரையில் கூடு கட்டும் வானம்பாடிக் குருவிகளுக்காக வசந்த காலத்தில் சில இடங்களை வேலியிட்டு மறிப்பார்கள். மற்ற இடங்களில் நாயைக் கயிறில்லாமல் ஓடவிடும் வழக்கம் இருக்கிறது. எங்கள் கீழ்வீட்டில் தனியாக வாழும் முதிய அம்மையார் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அதிகம் நடப்பதில்லை. அவருடைய டெய்சி என்ற சிறிய ஸ்பானியலை வேலைக்குக் கிளம்புமுன் நான்தான் அழைத்துச் செல்கிறேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு நாள், டெய்சி கயிற்றில் என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து ஒரு பெரிய நாய் நேராக எங்களை நோக்கி ஓடிவந்தது. அதன் உரிமையாளர் அங்கேயே நின்றபடி, அது நல்ல நாய், ஒன்றும் செய்யாது என்று உரக்கக் கூவினார். கூவி முடிப்பதற்குள் அது டெய்சியின் முதுகைக் கவ்வித் தூக்கி உலுக்கத் தொடங்கிவிட்டது. அவ்வழியே வந்த இன்னொருவர் அதன் கழுத்துப்பட்டையைப் பின்புறமிருந்து முறுக்கிப் பிடித்த பிறகே அது வாயைத் திறந்தது. உரிமையாளர் மெதுவாக வந்து, உங்கள் நாய் உறுமியிருக்கும் என்று சொல்லிவிட்டுத் தன் நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பெயரையும் தொலைபேசி எண்ணையும் நான் கேட்டேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

கால்நடை மருத்துவமனையில் எனக்குத் தெரிந்துகொள்ளக் கிடைத்தது உங்களுக்கும் பயன்படும். டெய்சியின் முதுகில் வெளியே தெரிந்தவை சின்னஞ்சிறு துளைகள்தான். முடியை மழித்துப் பார்த்தபோது தோல் சதையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குப் பிரிந்திருந்தது. பெரிய நாய் சிறிய நாயைக் கவ்வி உலுக்கும்போது பல் நுழைந்த இடம் சிறிதாகவும் உள்ளே கிழிந்த இடம் பெரிதாகவும் இருக்கும் என்றும், வாயிலுள்ள கிருமிகள் ஆழத்தில் தங்கிவிடுவதால் அந்தத் துளையை வெறுமனே தைத்து மூடினால் சீழ் கட்டிவிடும் என்றும் மருத்துவர் விளக்கினார். மயக்க மருந்து கொடுத்து, உள்ளே கழுவி, நீர் வடியக் குழாய் வைத்து, பல நாள் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. இங்கே மனிதருக்கு அரசு மருத்துவமனையில் காசு கேட்பதில்லை. விலங்குகளுக்கு அப்படி இல்லை. பில் ஆயிரம் பவுண்டுக்கு மேல் வந்தது. அதை ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மூதாட்டி கட்டினார். வாத்தியார் வீட்டு நாயின் கழுத்தில் இரண்டு பல் பட்ட தடம் மட்டுமே என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை காவல்துறைக்குத் தகவல் சொன்னேன். அவர்கள் முதலில் கேட்டது, எனக்குக் காயம் பட்டதா என்பதை. அடுத்துக் கேட்டது, என்னையும் கடித்துவிடும் என்று நான் அஞ்சினேனா என்பதை. அதற்குக் காரணம் உண்டு. 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம், நாய் கட்டுமீறி ஒரு மனிதரைக் காயப்படுத்தினாலோ, காயப்படுத்தும் என்று அவர் அஞ்ச நியாயமான காரணம் இருந்தாலோ உரிமையாளரைக் குற்றவாளியாக்குகிறது. மனிதர் இறந்தால் 14 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போன்ற உதவி நாய்கள் 2014இல் அந்தச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டன. ஆடுமாடுகளை நாய் துரத்தினால்கூட 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். ஆனால் வீட்டில் வளரும் ஒரு சாதாரண நாயை இன்னொரு நாய் கடித்துக் குதறினால், அது மட்டுமே தனியாக ஒரு குற்றம் என்று இங்கிலாந்தில் நேரடியாகச் சொல்லும் சட்டப்பிரிவு இல்லை. சட்டத்தின் கண்ணில் நாய் ஒரு உடைமை. இத்தனை நாய்ப் பிரியர்கள் வாழும் நாட்டில் இப்படி ஓர் இடைவெளி இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, வண்டி ஓட்டுபவர் ஒரு நாயை மோதிக் காயப்படுத்திவிட்டால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். கேட்பதற்கு நியாயமான காரணம் உள்ளவருக்குத் தன் பெயரையும் முகவரியையும் கொடுத்தாக வேண்டும். கார் மோதினால் இருக்கும் இந்தக் கடமை, தன் நாயே இன்னொரு நாயைக் கடித்துப் போட்டவருக்கு இல்லை. நின்று பெயரைச் சொல்வது என்ற அந்த மிகச் சிறிய செயலைத்தான் அந்த மனிதர் செய்யவில்லை. அவருடைய நாய் கடித்ததைவிட அவர் நடந்துபோனதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

வழியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1871ஆம் ஆண்டின் பழைய நாய்கள் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான நாய் ஒன்று சரியான கட்டுப்பாட்டில் இல்லை என்று யார் வேண்டுமானாலும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையிடலாம். கயிறு, வாய்மூடி என்று நிபந்தனை விதிக்கவும், மிக மோசமான நிலையில் நாயைக் கொல்ல உத்தரவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மருத்துவச் செலவைக் கேட்டு 10,000 பவுண்டு வரையிலான சிறு வழக்காகத் தொடுக்கலாம். அப்படிப்பட்ட வழக்கில், இந்த நாய் இப்படிச் செய்யக்கூடியது என்பது உரிமையாளருக்கு முன்பே தெரியுமா என்பது முக்கியமான கேள்வியாகிறது. ஒருமுறை கடித்த பிறகு, தெரியாது என்று சொல்ல இடமில்லை. எங்கள் விஷயத்தில், புல்வெளியில் நாள்தோறும் நடப்பவர்கள் விசாரித்து அந்த உரிமையாளரைக் கண்டுபிடித்தார்கள். கவுன்சிலின் நாய்க் கண்காணிப்பாளர் அவர் வீட்டுக்குப் போய், பொது இடத்தில் கயிறில்லாமல் விடக்கூடாது என்று எழுத்தில் எச்சரித்தார். அம்மையாரின் அக்காள் மகன், வழக்குப் போடப் போவதாகக் கடிதம் அனுப்பிய பிறகு பணம் தவணையாக வந்துகொண்டிருக்கிறது. அம்மையார் எதிர்பார்த்தது பணத்தை அல்ல. நாய் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்று என்னிடம் சொன்னார்.

எல்லோரும் அப்படி இல்லை, அப்பா. அதே புல்வெளியில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தம் டெரியரோடு வருவார். ஒருமுறை அது வேறொரு குட்டி நாயின் காதைக் கிழித்துவிட்டது. அவர் உடனே தம் நாயைக் கட்டிவிட்டு, அந்தப் பெண்ணிடம் தம் எண்ணைக் கொடுத்து, மருத்துவமனைக்கும் உடன் சென்று, தாமே செலவை ஏற்றார். அதிலிருந்து அவருடைய நாய் வாய்மூடியோடுதான் வெளியே வருகிறது. பிறர் விலகிப் போகட்டும் என்று அதன் கயிற்றில் மஞ்சள் நாடாவும் கட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணும் அவரும் இப்போது நின்று பேசிக்கொள்கிறார்கள். அவர் செய்த எதையும் எந்தச் சட்டமும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

நாய்ச் சண்டைக்கு மனிதன் பொறுப்பா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், முழுப் பொறுப்பும் மனிதனுடையதே என்பதுதான். கயிற்றில் கட்டப்பட்ட நாயிடம் கயிறில்லாத நாய் பாய்ந்து வரும்போது, கட்டப்பட்டதால் விலகி ஓடவும் முடியாது. அப்போது உறுமுவது அதன் பயம். அந்த உறுமலைக் குற்றமாகச் சொல்வது நியாயமே இல்லை. மணி வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனத்தில் வந்தவன். ஓடும் சிறு உருவத்தைக் கண்டதும் பாய்வது அவன் இரத்தத்தில் இருக்கிறது. அதில் அவன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவன் பலம் எவ்வளவு, அவனைப் பிடிக்கும் கையின் பலம் எவ்வளவு என்று கணக்கிட வேண்டியவர்கள் நாம். உங்களுக்கு எழுபது வயதை நெருங்குகிறது. பழைய கழுத்துப்பட்டையும் சங்கிலியும் அவனை நிறுத்தப் போதவில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டமும் இங்குள்ளதைப் போலத்தான் மனிதரையே முதலில் நினைக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ மனிதருக்குக் கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. பொமரேனியனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே வாத்தியார் உங்கள்மேல் வழக்குப் போட முடியாது என்று பக்கத்து வீட்டு வக்கீல் சொன்னது ஓரளவு சரியாகவே இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு நீங்கள் வாத்தியாரை எதிர்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊரில் இன்னும் அவசரமான காரணம் ஒன்று உண்டு. இங்கே நாய்களிடம் ரேபிஸ் இல்லை. உள்நாட்டில் தோன்றிய அந்த நோய் 1922இலேயே நின்றுவிட்டது. அதனால் ஒரு நாய் இன்னொரு நாயைக் கடித்தால் காயத்தை மட்டும் கவனித்தால் போதும். நம் தெருவில் அப்படி இல்லை. மணி தெருநாய்களோடு உரசி வளர்ந்தவன். அவனுக்குக் கடைசியாக ஊசி போட்ட தேதி உள்ள அட்டையை எடுத்துக்கொண்டு இன்றே வாத்தியார் வீட்டுக்குச் செல்லுங்கள். அட்டை காலாவதியாகி இருந்தாலும் மறைக்காமல் காட்டுங்கள். அவருடைய நாயைக் கால்நடை மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துச் சென்று, காயத்தின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்லி, மருத்துவர் குறிக்கும் நாள்களில் தவறாமல் ரேபிஸ் ஊசி போடச் செய்யுங்கள். காயத்தைக் கழுவிய வாத்தியாரின் மனைவி கையில் கீறல் ஏதும் இருந்ததா என்றும் கேளுங்கள். இருந்தால் அவரும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். மணியையும் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கவனியுங்கள். செலவு முழுவதையும் நான் அனுப்புகிறேன். ஆனால் பணத்தை வேறு யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்கள் நேரில் போக வேண்டும். வயதில் அவர் உங்களைவிட இளையவர் என்பதால் நீங்கள் முதலில் போவது குறைவு என்று அம்மா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கடித்தது நம் நாய். போக வேண்டியவர்கள் நாம்.

மணிக்கு ஒரு வாய்மூடி வாங்கி அனுப்ப நினைக்கிறேன். வாயை இறுகக் கட்டும் துணி வகையைப் போட வேண்டாம். அதில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்க முடியாது, நம் வெயிலில் அது ஆபத்து. கூடை போன்ற வகையில் அவன் வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். முதல் சில நாள் அதற்குள் ஒரு துண்டுக் கறியை வைத்து, அவனே மூக்கை நுழைக்கும்படி பழக்க வேண்டும்; வற்புறுத்தி மாட்டினால் அதன் பிறகு அதைக் கண்டாலே ஓடுவான். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிக் கட்டும் அகலமான பட்டையும், முன்புறம் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குகிறேன். இழுக்கும்போது அவனைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதால் உங்கள் தோளுக்குப் பாரம் குறையும். பத்து நாள் கழிந்த பின்பும், அது வரும்வரை தம்பி மட்டுமே அவனை வெளியே அழைத்துச் செல்லட்டும்.

மணியின் மூக்கு நுனியிலிருந்து கண்ணுக்குச் சற்றுக் கீழே வரை உள்ள நீளம், மூக்கின் நடுப்பகுதிச் சுற்றளவு, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவு, இந்த மூன்றையும் அம்மாவின் தையல் டேப்பால் அளந்து சென்டிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். தை மாதத்துக்கு முன்பு ஊருக்கு வரும் தோழி ஒருத்தியிடம் கொடுத்தனுப்பிவிடுவேன்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி