200 வெற்றிகள் போதாதா? கேன்டன் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கேன்டன் நகரில் இருக்கும் அமெரிக்கக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேம் எனும் புகழ்க்கூடத்தின் தேர்வுக் குழுவின் பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கிளீவ்லாந்து, கான்சாஸ் சிட்டி, சான் டியாகோ என்று பல அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த மார்ட்டி ஷாட்டன்ஹைமர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் பத்திரிகைக்காரர்கள். அவருடைய ஆட்டங்களைப் பற்றி எழுதியே சம்பளம் வாங்கியவர்களும் இருப்பீர்கள். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய சிலை உங்கள் கூடத்தில் இல்லை. அதை வைக்க வேண்டும்.

சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்துக்கொண்டு கேன்டன் வந்திருந்தேன். கிளீவ்லாந்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அவர் இரும்பாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர், எண்பதைத் தாண்டியவர். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர். வெண்கலச் சிலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், பயிற்சியாளர் டான் கோரியெல் சிலை முன்னால் கைத்தடியை ஊன்றி நின்றுவிட்டார்.

"இவருக்குப் பிளேஆஃபில் எத்தனை வெற்றி?" என்று கேட்டார்.

பருவ முடிவில், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் ஆட்டங்களில் மூன்று என்றேன்.

"மார்ட்டிக்கு?"

ஐந்து என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வீடு வந்து சேரும்வரை காரிலும் பேசவில்லை. அவர் பேசாததைத்தான் நான் இப்போது எழுதுகிறேன்.

கோரியெல் அங்கே இருக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. பந்தை வீசி ஆடும் முறையையே மாற்றியவர், தாராளமாக இருக்கட்டும். ஆனால் அவர் ஒருமுறைகூட இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்குப் போனதில்லை. மார்வ் லெவியும் பட் கிராண்டும் ஆளுக்கு நான்கு சூப்பர் பௌல்களில் தோற்றவர்கள். மூவருக்கும் சிலை இருக்கிறது. ஆக, கோப்பை இல்லாதவருக்கு இடமில்லை என்று ஒரு விதி கிடையாது. வழக்கமான பருவ ஆட்டங்களில் ஷுலா, ஹாலஸ், லாண்ட்ரி, லாம்போ ஆகிய பயிற்சியாளர்களைப் போல 200 வெற்றிகளைத் தொட்டவர் மார்ட்டி. அந்த நால்வரும் உள்ளே, இவர் மட்டும் வெளியே. காரணம் என்ன?

பிளேஆஃபில் 5 வெற்றி, 13 தோல்வி. நீங்கள் சொல்வதற்கு முன்பே நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். 1987 ஜனவரியில், கிளீவ்லாந்தின் சொந்த மைதானத்தில், டென்வரின் ஜான் எல்வே 98 யார்டு கடந்து வந்து ஆட்டத்தைச் சமன் செய்ததும், கூடுதல் நேரத்தில் டென்வர் வென்றதும் தெரியும். அடுத்த ஆண்டு டென்வரில், டச்டவுன் கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, எங்கள் ஏர்னஸ்ட் பைனரின் பிடியிலிருந்து பந்து தட்டிப் பறிக்கப்பட்டதும் தெரியும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. 1996 ஜனவரியில் கான்சாஸ் சிட்டி 10-7 என்று தோற்றது. மூன்று புள்ளி வித்தியாசம். அந்த அணியின் உதைப்பாளர் தவறவிட்ட ஃபீல்டு கோல்களும் (ஒன்றுக்கு மூன்று புள்ளி) மூன்று. அந்த மூன்றையும் மார்ட்டியே களத்தில் இறங்கி உதைத்ததாக உங்கள் குறிப்பேட்டில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

எல்லாவற்றையும்விட 2007 ஜனவரி 14 எனக்கு மறக்கவில்லை. சான் டியாகோ 21-13 என முன்னிலையில் இருந்தது. நான்காவது முயற்சியில் நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி வீசிய பந்தை சான் டியாகோவின் மார்லன் மெக்ரீ இடைமறித்துப் பிடித்துவிட்டார். அந்த இடத்திலேயே மண்டியிட்டிருந்தால் போதும். கீழே தட்டிவிட்டிருந்தால்கூடப் போதும். அவர் பந்தோடு ஓடினார். ட்ராய் பிரௌன் பறித்தார், பந்து மறுபடியும் நியூ இங்கிலாந்திடம். 24-21 என அவர்களே வென்றார்கள். அந்தப் பருவத்தில் 14 ஆட்டங்களை வென்று இரண்டே ஆட்டங்களில் தோற்ற பயிற்சியாளரை அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பினார்கள். பொது மேலாளருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லையாம். அதற்குப் பிறகு அந்த அணி இன்றுவரை சூப்பர் பௌலைக் கண்ணால் பார்க்கவில்லை. ஊரையே காலி செய்துகொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். வீரர் கை நழுவினாலும், உதைப்பவர் கால் பிசகினாலும், பழி மட்டும் மார்ட்டி தலையில்.

அவர் கட்டியெழுப்பியதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1972 முதல் 1988 வரை பதினேழு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை பிளேஆஃபுக்குப் போன கான்சாஸ் சிட்டி, அவருடைய பத்து ஆண்டுகளில் ஏழு முறை போனது. அவரிடம் உதவிப் பயிற்சியாளர்களாக இருந்த பில் கௌவர், டோனி டஞ்சி, ப்ரூஸ் ஏரியன்ஸ், மைக் மெக்கார்த்தி ஆகிய நால்வரும் பின்னாளில் தலைமைப் பயிற்சியாளர்களாகி சூப்பர் பௌல் வென்றார்கள். கௌவருக்கும் டஞ்சிக்கும் சிலை வைத்துவிட்டீர்கள். சீடர்களுக்கு நாற்காலி போட்டுக் குருவை வாசலில் நிறுத்துவது என்ன மரியாதை?

இனி சொல்லப்போவதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. 2006 பருவத்தோடு தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல் அவருடைய பணி முடிந்தது. ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்பது அன்றைய உங்கள் விதி. பிறகு அவருக்கு அல்சைமர் எனும் மறதி நோய் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். காத்திருப்பு முடிந்ததுமே அழைத்திருந்தால், கூடத்தில் சேருகிறவர்களுக்கு நீங்கள் தரும் தங்க நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றிருப்பார். எதற்காக நிற்கிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஓர் ஆண்டு போனது, இன்னோர் ஆண்டு போனது. தன் வெற்றிகளை அவர் ஒவ்வொன்றாக மறந்துகொண்டிருந்த காலம் முழுவதும் நீங்கள் அவருடைய தோல்விகளை ஞாபகம் வைத்திருந்தீர்கள். 2021 பிப்ரவரி 8 அன்று, 77 வயதில், ஷார்லட் நகரில் காலமானார். அதற்குப் பிறகு, பயிற்சியாளர்களுக்கான காத்திருப்பை ஓராண்டாகக் குறைத்தீர்கள். மிக்க நன்றி.

உயிரோடு இருக்கும்போது ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காமல், திவசத்தன்று வடை பாயசத்தோடு இலை போடுகிறவர்களை எங்கும் பார்க்கலாம். நீங்கள் அந்த இலையைக்கூட இன்னும் போடவில்லை. இப்போது பயிற்சியாளரை மூத்த வீரர்களோடு ஒரே வரிசையில் நிறுத்தி, மோதிக்கொள்ளுங்கள் என்று வேறு விட்டிருக்கிறீர்கள். ஒரு பயிற்சியாளரையும் முப்பது ஆண்டுக்கு முந்தைய, பந்தோடு ஓடும் ஆட்டக்காரரையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பீர்களோ, எனக்குப் புரியவில்லை.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். அடுத்த முறை கூடும்போது மார்ட்டி ஷாட்டன்ஹைமரின் பெயரை எடுத்து விவாதியுங்கள், வாக்களியுங்கள், அவரைக் கூடத்தில் சேருங்கள். மகன் பிரையன் 2025-இல் டல்லாஸ் கௌபாய்ஸின் தலைமைப் பயிற்சியாளராகிவிட்டார். அதைப் பார்க்க அப்பா இல்லை. அப்பாவின் சிலைத் திறப்பையாவது மகன் பார்க்கட்டும்.

விழா ஆகஸ்டில்தானே நடக்கும்? பெரியவருக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது, வெயிலில் நெடுநேரம் உட்கார முடியாது. இருந்தாலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கார் நான் ஓட்டுகிறேன்.

பணிவுடன்,
கிளீவ்லாந்திலிருந்து ஒரு ரசிகன்