பாட்டு ஓடுகிறது, எந்த அடுக்கிலிருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய இசைத்தொகுப்புகளை எஸ்ஏசிடி எனப்படும் சூப்பர் ஆடியோ சிடியாகத் தேடி வாங்குபவர்களில் பலர், காசு கொடுத்த ஒலியைக் கேட்காமலே இருக்கிறார்கள். அது வருத்தமாக இருக்கிறது.

1999-ல் அறிமுகமான இவ்வகை டிஸ்க்குகளில் ஏராளமானவை ஹைபிரிட், அதாவது ஒரே டிஸ்க்கில் இரண்டு ஒலி அடுக்குகள் கொண்டவை. ஓர் அடுக்கில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடி ஒலி. இன்னொன்றில் 1 பிட், 2.8224 மெகாஹெர்ட்ஸ் டிஎஸ்டி ஒலி, அதாவது எஸ்ஏசிடி பயன்படுத்தும் உயர்தர ஒலிப்பதிவு முறை. சாதாரண சிடி பிளேயர் முதல் அடுக்கை மட்டுமே படிக்கும். எஸ்ஏசிடி பிளேயர் இருந்தாலும், முகப்பில் SACD என்ற எழுத்துகள் எரிகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மெனுவில் அடுக்கை மாற்ற வேண்டும்.

அடுத்தது இணைப்பு. ஆப்டிகல் கேபிளில் டிஎஸ்டி போகாது. டிஸ்க் சுற்றும், நேரம் ஓடும், சத்தம் மட்டும் வராது. பிளேயர் பழுதென்று முடிவுகட்ட வேண்டாம். டிஎஸ்டி-யை ஏற்கும் ரிசீவருக்கு எச்டிஎம்ஐ போதும்; அனலாக் வழியென்றால் ஸ்டீரியோவுக்கு இரண்டு, 5.1 எனப்படும் ஆறு தட ஒலிக்கு ஆறு ஆர்சிஏ இணைப்புகள்.

இவை எல்லாவற்றையும்விட மாஸ்டரிங், அதாவது டிஸ்க்குக்குப் போகுமுன் பதிவின் ஒலியை இறுதியாகச் சீர்செய்வதுதான் முக்கியம். ஒலியளவை ஏற்றி, மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்கு நெருக்கிவிட்டால் எந்த டிஸ்க்கும் அதை மீட்காது. மூல நாடாவிலிருந்து எடுத்ததா, மாஸ்டரிங் யார், எந்த ஆண்டு என்பதை உறைக் குறிப்பில் படித்துவிட்டு வாங்குங்கள். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்குங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும்.

டிவிடி ஆடியோ என்ற இன்னொரு உயர்தர ஒலி டிஸ்க்கிலும் இதே கதைதான்: அதைச் சாதாரண டிவிடி பிளேயரில் போட்டால், பெரும்பாலும் சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் ஒலிதான் கிடைக்கும்.

இப்படிக்கு,
வாசகர்