அப்பாவோட ஆஸ்பிரின நிறுத்தச் சொல்லாத தம்பி

தம்பி,

நீ அனுப்புன செய்திய நான் படிச்சேன், அப்பாவும் படிச்சிட்டாரு, அதான் பிரச்சனையே. "பாத்தியா, உன் புள்ளையே சொல்றான், எழுவது வயசுக்கு மேல ஆஸ்பிரின் வேண்டாமாம்"னு மாத்திரைய அப்படியே தட்டுல விட்டுட்டு பேப்பர எடுத்துகிட்டு திண்ணைக்கு போயிட்டாரு. நான் கத்துன கத்துல எதுத்த வீட்டு அக்காவே எட்டிப் பாத்துச்சு, அப்புறம்தான் முழுங்குனாரு. போன்ல சொன்னா பாதியில மீட்டிங்குன்னு வச்சிடுவ, அதான் எழுதறேன், முழுசா படி.

நீ அனுப்புன செய்தியில சொல்ற அந்த ஆராய்ச்சி உங்க மெல்போர்ன்ல மோனாஷ் யுனிவர்சிட்டிக்காரங்க முன்ன நின்னு பண்ணது, ஆஸ்திரேலியா அமெரிக்கா ரெண்டுலயும் சேத்து 19,000 பேருக்கு மேல, 2018ல ரிசல்ட் வந்துச்சு. தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் போட்டவங்களுக்கு பெருசா நல்லது ஒண்ணும் நடக்கல, ரத்தக்கசிவுதான் கூடுச்சு. எல்லாம் சரி. ஆனா அதுல சேந்தவங்க யாரு? அதுவரைக்கும் ஹார்ட் அட்டாக்கே வராதவங்க. அட்டாக் வந்து, நெஞ்ச தொறந்து பைபாஸ் பண்ணி மூணு கிராஃப்ட், அதாவது அடைப்ப தாண்டி ரத்தம் போக மாத்துக்குழாய், வச்ச உங்கப்பா போய் நின்னிருந்தா பேரே எழுதியிருக்க மாட்டாங்க. தலைப்புல இதெல்லாம் போட மாட்டானுங்க, "முதியவர்களுக்கு ஆஸ்பிரின் பயனில்லை"ன்னு மட்டும் போடுவானுங்க, நீயும் அத அப்படியே தட்டி விடற.

ஜிஎச் பார்மசில உக்காந்து ரிட்டயர் ஆனவ நான், சொல்றத கேளு. அப்பாவுக்கு வச்ச மூணுல ஒண்ணுதான் நெஞ்சுக்குள்ளயே இருக்கற ரத்தக்குழாய், அது பத்து வருஷம் கழிச்சும் பெரும்பாலும் அடைக்காது. மத்த ரெண்டும் கால்ல இருந்து உருவுன ரத்த நரம்பு, வெயின்னு சொல்றது. கால் நரம்பு கம்மி பிரஷர்ல ஓடி பழகுனது, அத போய் இருதயத்துல மாட்டுறது தோட்டத்து ரப்பர் ஹோஸ போர்வெல் மோட்டாருக்கு மாட்டுன கதைதான். எடுக்கும்போதும் தைக்கும்போதும் உள்சுவர் உரசிப்போகும், உரசுன இடத்துல ரத்தத்த உறைய வைக்கற பிளேட்லெட் அணு வந்து ஒட்டும், ஒட்டுனா ரத்தக்கட்டி. பத்து நரம்புல ஒண்ணு ரெண்டு முதல் வருஷத்துலயே அடைச்சிடுது, அதுலயும் முதல் மாசம்தான் மோசம். ஆஸ்பிரின் அந்த ஒட்டுறதத்தான் தடுக்குது. அதனாலதான் ஆபரேஷன் முடிஞ்சு ரத்தம் ஒழுகறது அடங்குச்சுன்னா ஆறு மணி நேரத்துக்குள்ளயே ஆரம்பிச்சிடறாங்க, அப்பா முழுசா கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே மூக்கு டியூப் வழியா சிஸ்டர் குடுத்தாச்சு. 2002ல 5,000 பேருக்கு மேல பாத்த ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, பைபாஸ் முடிஞ்சு 48 மணி நேரத்துல ஆஸ்பிரின் ஆரம்பிச்சவங்கள்ல இறந்தவங்க 1.3 சதவீதம், ஆரம்பிக்காதவங்கள்ல 4 சதவீதம். இதயும் அப்பாவுக்கு பார்வர்டு பண்ணு.

உனக்கு உண்மையில பயம் எதுன்னு எனக்கு தெரியும், வீடியோ கால்ல அவரு கையில அந்த நீலத்தழும்ப பாத்துட்ட. அது ரெண்டு மாத்திரையால வர்றது, ஆஸ்பிரின் 75, கூட கிளோபிடோக்ரல் 75, அதுவும் பிளேட்லெட் ஒட்டாம தடுக்கறதுதான். அட்டாக் வந்து பைபாஸ் பண்ணவங்களுக்கு பொதுவா ஒரு வருஷம் ரெண்டும் குடுப்பாங்க, அப்புறம் ஆஸ்பிரின் மட்டும் கடைசி வரைக்கும். ரெண்டு வேணுமா ஒண்ணு போதுமான்னு டாக்டருங்களுக்குள்ளயே இன்னும் சண்டை ஓயல. சைனாவுல 500 பேருக்கு பண்ணத 2018ல வெளியிட்டாங்க, ஆஸ்பிரினோட டிக்காகிரலார்னு கிளோபிடோக்ரல் மாதிரி இன்னொரு மாத்திரைய சேத்தா ஒரு வருஷம் கழிச்சு கால் நரம்பு கிராஃப்ட்ல 88.7 சதவீதம் தொறந்திருந்துச்சு, ஆஸ்பிரின் மட்டும்னா 76.5. ஆஹான்னு இருந்தாங்க, 2025ல அதே ஜோடிய ஸ்வீடன்லயும் அத சுத்தியிருக்கற நாடுகள்லயும் 2,200 பேருக்கு பாத்தா உயிர் பொழைக்கறதுலயும் அட்டாக் வர்றதுலயும் லாபம் இல்ல, பெரிய ரத்தக்கசிவு மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல. அதனால ரெண்டாவது மாத்திரைய எப்ப நிறுத்தறதுன்னு நீ டாக்டர்கிட்ட கேளு, தாராளமா கேளு, நியாயமான கேள்வி. ஆஸ்பிரின பத்தி மட்டும் அந்த சண்டையே கிடையாது.

போன மாசம் கடவாப்பல்லு புடுங்க போனப்ப ஒரு கிளினிக்ல "ஒரு வாரம் எல்லாத்தையும் நிறுத்திட்டு வாங்க"ன்னு அசால்ட்டா சொல்லிட்டாங்க. ஆஸ்பிரின் பட்ட பிளேட்லெட் சாகற வரைக்கும் வேலைக்காகாது, புதுசு ஊறி வர ஏழுலேருந்து பத்து நாள் ஆகும், அதனால ஒரு வாரம் நிறுத்தறது சின்ன விஷயமில்ல. கார்டியாலஜிஸ்ட்டுக்கு போன் போட்டேன், ரெண்டும் ஓடட்டும், ஒரு பல்லுதானன்னாரு. வேற டென்டிஸ்ட் புடுங்கிட்டு தையல் போட்டு பஞ்ச கடிக்க சொன்னாரு, கொஞ்சம் கூட நேரம் கசிஞ்சுது, நின்னுடுச்சு.

நான் பயப்படறது வேற விஷயத்துக்கு. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல நின்னு நின்னு தேஞ்ச முட்டி, வலிச்சா எனக்கு தெரியாம மெடிக்கல்ல காம்பிஃப்ளாம் வாங்கி போட்டுக்கறாரு. அதுல இபுபுரூஃபன் இருக்கு, அது ஆஸ்பிரின் போய் உக்கார வேண்டிய எடத்த முன்னாடியே புடிச்சுக்கும், போதாததுக்கு வயித்தயும் புண்ணாக்கும், பைபாஸ் ஆளுக்கு அந்த ஜாதி மாத்திரையே ஆகாது. டோலோ போடுங்கன்னா "அது காய்ச்ச மாத்திர"ங்கறாரு. கேஸ் மாத்திரையும் அப்படித்தான், கிளோபிடோக்ரலோட ஒமிப்ரசோல் சேராது, பேன்டப்ரசோல்தான் எழுதியிருக்கு, கடையில மாத்தி குடுத்தா நான் திருப்பி அனுப்பிடறேன். இன்னொரு கூத்து, எக்கோஸ்பிரின் கோல்டுன்னு ஒரு கேப்சூல், அதுக்குள்ளயே ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல், கொழுப்பு மாத்திரை மூணும் இருக்கு, அது தெரியாம தனியா எக்கோஸ்பிரினும், அதுவும் ஆஸ்பிரின்தான், சேத்து போடறவங்கள நான் வேலையில இருந்தப்பவே எத்தன பேர பாத்திருக்கேன்.

மலம் கறுப்பா பிசுபிசுன்னு போனாலோ, தல சுத்துனாலோ உள்ள ரத்தம் கசியுதோன்னு பாக்கணும், உடனே சொல்லணும்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப டெங்கு வேற சுத்துது, காய்ச்சல்னா முதல்ல பிளேட்லெட் கவுண்ட் பாத்துட்டு டாக்டர்கிட்ட கேட்டுத்தான் ஆஸ்பிரின்.

இந்த வாரம் நீயே அப்பாவுக்கு போன் போட்டு "அந்த செய்தி உங்களுக்கு இல்லப்பா"ன்னு சொல்லிடு, நான் சொன்னா ஏறாது. முட்டி வலிக்கு என்ன போடறீங்கன்னும் கேளு, உன்கிட்டயாவது உண்மைய சொல்றாரான்னு பாப்போம். தை மாசம் ஒரு வருஷம் முடியுது, செக்கப்புக்கு கூப்பிட்டிருக்காங்க, நீ அப்ப லீவு போட்டு வர்றதா இருந்தா டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தேதிய எனக்கு சொல்லு, அப்பாயின்ட்மென்ட்ட அதுக்கு தகுந்தாப்ல வாங்கறேன். மருமககிட்ட சொல்லு, மீன் எண்ணெய் கேப்சூல் டப்பா ஒண்ணும் வாங்கிட்டு வர வேணாம், போன தடவ வாங்குனதே பிரிக்காம இருக்கு.

அம்மா