கொடியில் தொங்கும் 17 ஜாக்கெட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடி இணைப்பிதழில், 'மனசு சரியில்லையா? ஒரு சேலை எடுங்கள், சரியாகிவிடும்' என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். செல்லூரில் 26 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள் நான். அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை.

என் மிஷினுக்குப் பின்னால் ஒரு கொடி கட்டியிருக்கிறேன். கொக்கி கட்டி, ஹெம்மிங் முடித்த 17 ஜாக்கெட்டுகள் அதில் தொங்குகின்றன. எல்லாம் போன ஆடியில் விளக்குத்தூண் ஜவுளிக்கடைக் கூட்டத்தில் இடிபட்டு எடுத்த சேலைகளுக்குத் தைத்தவை. போன் போட்டால், 'அது எந்தச் சேலையோடதுக்கா?' என்று என்னையே கேட்கிறார்கள். இந்த வருஷம் ஒருத்தி மாம்பழ மஞ்சளில் புது ஜாக்கெட் பிட்டு கொண்டுவந்தாள். அதே மஞ்சளில் அவளுடைய போன வருஷத்து ஜாக்கெட்டை எடுத்து நீட்டினேன். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், 'வீட்ல ஒரே சண்டைக்கா. எங்கயாவது போகணும்போல இருந்துச்சு, கடைக்குப் போனேன்' என்றாள். அவளுக்கு அன்று பேச ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கிறது. நீங்கள் இன்னொரு சேலை எடுக்கச் சொல்கிறீர்கள்.

என் மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அமெரிக்காவில் லாட்டரி விழுந்த 22 பேரிடம் பிலிப் பிரிக்மேன் என்ற உளவியல் ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் விசாரித்து 1978இல் எழுதியதை அவள்தான் படித்துச் சொன்னாள். பரிசு விழாதவர்களைவிட இவர்கள் அப்படியொன்றும் அதிகச் சந்தோஷத்தில் இல்லையாம். சிநேகிதரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, துணி எடுப்பது மாதிரிச் சின்ன விஷயங்களில் கிடைக்கிற இன்பம்கூட இவர்களுக்குக் குறைவாக இருந்ததாம். எது வந்தாலும் மனசு பழகிவிடும், பழகியதும் அடுத்ததைத் தேடும். உங்களுக்குத் தெரியாததா இது?

முன்பு பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்தால் கீழே துணியை மடித்து இரண்டு டக்கு பிடித்து வைப்போம். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் மூன்று தீபாவளி ஓடும். பிரித்த இடத்தில் வெளுக்காத துணி பட்டையாகப் பளிச்சென்று தெரியும். வளர்ந்துவிட்டோம் என்று பிள்ளைகள் அதைக் காட்டிக் குதிப்பார்கள். இப்போது டக்கு பிடிக்கச் சொல்லி ஒருவரும் கேட்பதில்லை.

'வட்டியில்லாத் தவணை' என்று என் மகன் ஒரு போன் வாங்கினான். வட்டி என்ற பேர் இல்லை, பிராசசிங் சார்ஜ் என்று பிடித்தார்கள். வட்டியை இப்படி ஒளித்து வாங்குவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளை எச்சரித்தது. அந்தத் தவணை விளம்பரமும் உங்கள் முதல் பக்கத்தில்தான் வந்தது. செய்தியைத் தேடி இரண்டு தாள் புரட்ட வேண்டியிருந்தது.

கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதைக் கேட்டு, காந்தி அரைத்துணிக்கு மாறியது நம் மேலமாசி வீதி வீட்டில், 1921 செப்டம்பர் 22இல். வருஷம் தவறாமல் அதைப் படத்தோடு போடுகிற பத்திரிகை உங்களுடையது. அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடக்காது, தெரியும். தள்ளுபடி வந்தால்தான் எனக்கும் தையல் வரும். ஆனால் 'விளம்பரப் பகுதி' என்பதை மூலையில் எறும்பளவு எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். தினமும் ஊசியில் நூல் கோக்கிற எனக்கே அதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. அடுத்த தடவை அந்த ஒரு சொல்லையாவது தலைப்பளவுக்குப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
செல்லூர், மதுரை - 2