பயிற்சிக்குப் போகிற தோழிக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் தோழிக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டேன். கிளை முகாமையாளர் ஆன சந்தோஷத்தைவிட அந்தக் கதிரையின் பாரம்தான் உன் குரலில் கூடக் கேட்டது. முதலில் வாழ்த்துகள். லீசிங் கம்பனியில் ஒரு பெண் மட்டக்களப்புக் கிளைக்குப் பொறுப்பாக வருவதென்றால் எவ்வளவு இழுபட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம், மூத்தவள் கோணேசபுரி வளாகத்துக்குப் போய் வருகிறாள், சின்னவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கடற்கரையில் பந்து அடிக்கிறான்.

சரி, பயிற்சி விசயத்துக்கு வருகிறேன். தலைமையகம் கிளை முகாமையாளர்கள் எல்லோரையும் ஒருநாள் மனநல விழிப்புணர்வுப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறது, மாத முடிவு டார்கெட் கழுத்தில் நிற்கும்போது இதற்கு எங்கே நேரம், நான் என்ன டொக்டரா என்று கேட்டிருந்தாய். போ, கட்டாயம் போ. நீ டொக்டர் இல்லை என்பதுதான் அங்கே முதலில் சொல்லித் தரவேண்டிய பாடம். அதை ஒழுங்காகச் சொல்லித் தருகிற ஆள் என்றால் மிச்சத்தையும் நம்பிக் கேட்கலாம். அப்படி இல்லாமல், யாருக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க உன்னைப் பழக்கப் பார்த்தால் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிடு.

உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டெம்பரில் வேலைத்தள மனநலம் பற்றி வழிகாட்டல்களை வெளியிட்டது. முகாமையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தது அதுதான் முதல் தடவை. மனச்சோர்வாலும் பதகளிப்பு என்கிற பதற்ற நோயாலும் உலகம் வருடத்துக்கு 12 பில்லியன் வேலை நாட்களை இழக்கிறது, காசுக் கணக்கில் கிட்டத்தட்ட 1 டிரில்லியன் அமெரிக்க டொலர் என்றும் சொன்னார்கள். உன் தலைமையகம் அந்தக் காசுக் கணக்கைப் பார்த்துத்தான் சம்மதித்திருக்கும், இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு பகுதி. அளவுக்கு மீறிய வேலை, நேரங்கெட்ட நேரத்து ஷிப்ட், தன் வேலையிலேயே தனக்கு ஒரு சொல்லும் இல்லாத நிலை, வேலை நிலைக்குமா என்ற பயம், மேலே இருப்பவரின் கொடுமை, இவற்றை எல்லாம் மனநலத்துக்கு ஆபத்தானவை என்று அவர்கள் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். இதில் எது ஊழியரின் தலைக்குள் இருக்கிறது சொல்லு? எல்லாம் ரோஸ்டரிலும் டார்கெட் தாளிலும் நம் வாயிலும் இருக்கிறவை. அதனால்தான் முகாமையாளரைப் பிடித்துப் பயிற்சி கொடு என்கிறார்கள். மனதைப் பார்க்க வைத்தியர் இருக்கிறார், வேலையை மாற்றிக் கொடுக்க உன்னையும் என்னையும் விட்டால் ஆள் இல்லை.

எங்கள் ஹோட்டல் வேலையில் இதைக் கண்ணால் காணலாம். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஒரே சனம், லீவு கேட்கவே பெடியன்கள் பயப்படுவார்கள். மழை தொடங்கினால் சம்பளத்தோடு கிடைக்கிற சேர்விஸ் சார்ஜ் பங்கு படுத்துவிடும், தற்காலிகமாக எடுத்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், நிரந்தரமாக இருப்பவர்களுக்கோ சீட்டுக் காசு, அடகு நகை, பிள்ளைகளின் டியூஷன் என்று நித்திரை போய்விடும். இரண்டு காலமும் இரண்டு விதமான பாரம். இதேமாதிரி ஒரு பயிற்சிக்குப் போய் வந்த பிறகு நானும் சமையலறைப் பொறுப்பாளரும் முதலாளியிடம் ஒரே ஒரு விசயத்துக்காகத்தான் வாதாடினோம். இரவு பதினொன்றரைக்கு ரெஸ்டோரண்டை மூடுகிற ஆளே காலை ஆறு மணிக்கு வந்து காலைச் சாப்பாட்டுக்குத் திறக்கக் கூடாது. முள்ளிப்பொத்தானையிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளைகள், போய்ச் சேர்ந்து படுத்து எழும்ப எத்தனை மணித்தியாலம் மிஞ்சும்? செலவு கூடும் என்று முதலில் முறைத்தார், கடைசியில் ஒத்துக்கொண்டார். சுவரில் ஒட்டின அந்த ‘மனம் திறந்து பேசுங்கள்’ போஸ்டரைவிட இது நூறு மடங்கு பெறும்.

ஆளைச் சுற்றி இருப்பதை மாற்றினால் ஆள் தப்பும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1990களின் நடுவில் தற்கொலை வீதத்தில் உலகிலேயே மிக மேலே நின்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று. பிறகு கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள், அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அத்தனை பேரையும் கூப்பிட்டு இருத்தி ஆறுதல் சொல்லியா இறக்கினார்கள்? கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்த ஆபத்தை அகற்றினார்கள். மனம்விட்டுக் கதைப்பது தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை, முகாமையாளரின் கைக்கு எட்டுவது எது என்றுதான் கேட்கிறேன்.

கதைப்பதும் வேண்டும், அதைத்தான் பயிற்சியில் கூர்ந்து கவனி. நான் போன இடத்தில் ஸ்லைடுகள் எல்லாம் ஆங்கிலம், மூச்சுப் பயிற்சி, குழுப் படம், சான்றிதழ் என்று பாதி நாள் போனது. ஆனால் பின்னேரம் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் முகாமையாளராகவும் மற்றவர் சோர்ந்துபோன ஊழியராகவும் கதைக்கச் சொன்னார்கள், அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே மறுபடியும் போவேன். “என்ன, இப்ப வேலையில கவனமே இல்லை?” என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் அந்த இடத்திலேயே கதவைச் சாத்திவிடுவார். “ரெண்டு மூன்று கிழமையாகப் பார்க்கிறேன், பிந்தி வாறீர், மத்தியானம் சாப்பிடுவதும் இல்லை, எப்படி இருக்கிறீர்?” என்று கண்டதை மட்டும் சொல்லிக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஏதோ ஒன்று வரும். அந்த மௌனம்தான் கஷ்டம். நமக்கு உடனே புத்தி சொல்ல வாய் வந்துவிடும்: எல்லோருக்கும்தான் கஷ்டம், கோயிலுக்குப் போய் வா, ஒரு கலியாணம் கட்டினால் சரியாகிவிடும். தயவுசெய்து இவை ஒன்றும் வேண்டாம். உனக்கு டிப்ரஷன் என்று பெயரும் வைக்காதே. நம் சனம் மனதைப் பற்றி நேரடியாகச் சொல்லாது, தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடம்பு இயலாது, நித்திரை இல்லை என்றுதான் சொல்லும், அதைக் கேட்டுவிட்டுப் பனடோல் கொடுத்து அனுப்பாமல் இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்டு முடிந்ததும் வேலையில் எதை மாற்றினால் இலேசாக இருக்கும் என்று அவரிடமே கேள்.

எங்கே வைத்துக் கேட்கிறாய் என்பதையும் யோசி. உன் அறைக்குக் கண்ணாடிச் சுவர் என்று சொன்னாய், அதற்குள் ஒருவர் கண்ணைத் துடைத்தால் கிளை முழுக்கத் தெரியும். நான் லினன் ஸ்டோரில் துணி எண்ணும்போது கதைப்பேன், கை வேலையில் இருந்தால் வாய் திறப்பது சுகம். திருகோணமலை சின்ன ஊர், ஒருவருடைய மச்சான் பெரியாஸ்பத்திரியில் வேலை செய்வார், இன்னொருவருடைய பெரியம்மா கிளினிக் வாசலில் மருந்துக்கு நிற்பார், மனநலப் பிரிவுப் பக்கம் ஒருவரைக் கண்டால் பின்னேரத்துக்குள் கதை உவர்மலைக்கு ஏறிவிடும். உங்கள் மட்டக்களப்பும் அப்படித்தானே. ஆகவே ஒருவர் உன்னிடம் சொன்னது லீவு படிவத்தில்கூட வரக் கூடாது, ‘சுகவீனம்’ என்று மட்டும் எழுதினால் போதும். மொழியும் உண்டு. எங்களிடம் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள், துக்கத்தைத் தனக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் யாராலும் சொல்ல முடியாது, அதனால் ஒவ்வொரு மொழிக்கும் நம்பிக்கையான ஒருவரை வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எதையெல்லாம் கடந்து வந்தவர்கள் என்று கொழும்பிலிருந்து வருகிற பயிற்சியாளருக்குத் தெரியாது. 2004 கடல், 2006இல் போரால் மூதூர், சம்பூர் இடம்பெயர்வு. வருடக் கடைசி வாணவேடிக்கைக்கு எல்லோரும் வெளியே ஓடுவார்கள், ஒருவர் மட்டும் முகம் வெளிறிக் குளிர் அறைக்குள் போய் நிற்பார். காரணத்தை நான் தோண்டவில்லை, டிசெம்பர் 31 இரவு உமக்கு வேலை வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன், சுனாமி வந்த டிசெம்பர் 26ஆம் திகதிக்கும் அப்படித்தான். ஆறுதலுக்கு அது போதாது, ஆனால் முகாமையாளரால் செய்யக்கூடியது அதுதான்.

லீவு கணக்கையும் பார். உன் கிளை போன்ற அலுவலகங்களுக்குப் பொருந்துகிற 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் சுகவீனம், சொந்த அலுவல் எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு 7 நாள்தான் அமய லீவு, அதாவது கசுவல் லீவு. மாதம் ஒருமுறை கிளினிக் போகிறவருக்கு அது வருடம் முடிய முன்னமே தீர்ந்துவிடும், பிறகு சம்பளம் வெட்டுவார்கள் என்று மருந்தை நிறுத்துவார், நிறுத்தினால் வருத்தம் திரும்பும். கிளினிக் நாளில் அரைநாள் விட்டு இன்னொரு நாள் அந்த நேரத்தைச் செய்விக்கலாம், இதற்கு நீ தலைமையகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி வை.

சாகலாம் போல இருக்கிறது என்கிற மாதிரி யாராவது கதைத்தால் மட்டும் இரகசியம் என்ற பேச்சு இல்லை. நேரடியாகக் கேள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்குச் சொல்ல ஒரு வழி கிடைத்த நிம்மதிதான் வரும். தனியே விடாதே, அவர் நம்புகிற வீட்டு ஆள் ஒருவருக்குச் சொல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைப்பார்கள். அந்த இலக்கத்தை இப்போதே போனில் பதிந்து வை.

அப்புறம் உன் ரிக்கவரி பெடியன்கள். தவணை கட்டாதவன் வீட்டு வாசலில் நின்று வாங்குகிற ஏச்சு, பின்னேரம் கிளைக்கு வந்தால் டார்கெட் ஏன் குறைவு என்று வாங்குகிற ஏச்சு, இரண்டுக்கும் நடுவில் அவர்கள். உன் கிளையில் யாருக்கு முதலில் மனம் உடைகிறது என்று என்னைக் கேட்டால் அவர்களைத்தான் காட்டுவேன். கடினமான இடங்களுக்கு ஒருவரைத் தனியே அனுப்பாதே, ஒரே ஆளுக்கே அந்த ரூட்டை மாதக் கணக்கில் கொடுக்காதே, பின்னேரம் வந்தவுடன் எண்ணைக் கேட்க முன் ஒரு தேத்தண்ணி குடிக்க விடு. பயிற்சியில் கேள்வி நேரம் வந்தால் எழும்பி, டார்கெட் போடுகிறவர்களும் இந்தப் பயிற்சிக்கு வருவார்களா என்று கேள். நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்திலேயே யாருக்கும் பயப்படாதவள்தானே.

உனக்கும் நித்திரை இல்லை என்று ஒரு பதிவின் கடைசியில் சும்மா சொல்வதுபோலச் சொன்னாய். அதை நான் சும்மா விடவில்லை. எத்தனை நாளாக அப்படி, யாரிடமாவது காட்டினாயா? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன், போன் எடு, ரூட் லிஸ்டையும் கையில் வைத்துக்கொள், இரண்டு பேருமாக அதைப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி